பதிவேட்டில் மிதந்த கப்பல்கள்

கண்ணு,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. கப்பல் பயிற்சிக்கு வருகிறவர்களின் கடிதங்களை அங்கே பிரித்துப் பார்த்தாலும் பார்ப்பார்கள் என்று போகும்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். பார்க்கட்டும். உன்னோடு தங்கியிருக்கிற பெண்களும் படிக்கட்டும். முதல் சில வாரங்களுக்கு ஃபோன் கையில் இருக்காது என்று நீ சொன்னபோது உன் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஃபோன் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, எண்ணெய் வைத்துக்கொண்டாயா என்று கேட்டே நான் காலத்தை ஓட்டிவிடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அந்த வழியெல்லாம் அடைபட்டுப் போகிறது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்த சாப்பாட்டை நினைத்துப் பார். உன் அப்பா வழிச் சொந்தம் சேலத்திலிருந்தும் என் பக்கத்தார் தருமபுரியிலிருந்தும் வந்து, ஓசூரில் நாம் இருக்கிற இரண்டு அறை வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். உன் பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம் பாப்பா, இந்த ஊர்ல ஏரியே வத்திக் கெடக்குது, உனக்கு எங்க இருந்து கப்பல் ஆசை வந்துது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "கப்பல் ஆசை நானா வளத்துக்கிட்டது பெரிப்பா. ஆனா வேலைன்னா எப்பிடி இருக்கணும்னு எங்கம்மாவப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். கம்பெனில ஒருத்தருக்கு ஒரு பிளாஸ்டர் ஒட்டுனாக்கூட நோட்டுல எழுதாம விடமாட்டாங்க. நடந்தத நடந்த மாதிரி எழுதறவங்க" என்றாய். நான் அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் பெரியம்மா, "பொண்ணு புகழ்ந்தா அம்மாவுக்கு வர்ற கூச்சத்தப் பாரு" என்று கேலி செய்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அது கூச்சம் என்றே எல்லோரும் நினைத்தீர்கள்.

கண்ணு, அந்த நோட்டில் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். என் கையால், என் கையெழுத்தில், தெரிந்தே எழுதினேன். அதனால் ஒரு மனிதருடைய குடும்பம் ஏழு வருஷம் கெட்டுக் கிடந்தது. நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் அது. உன்னிடமும் அது பற்றி ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ். எல்லோருக்கும் சிஸ்டர். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு தடித்த பதிவேடு. யார் வந்தாலும் பெயர், நேரம், என்ன கோளாறு, என்ன கொடுத்தேன் என்று எழுத வேண்டும். கம்பெனி வாசலில் ஒரு பெரிய போர்டு இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, கீழே எண். ஒவ்வொரு நாள் காலையும் செக்யூரிட்டி ஒருத்தர் எண்ணை மாற்றுவார். யாருக்காவது பெரிய அடி பட்டு அது பதிவாகிவிட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த வருஷம் அது ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் ஆனால் ஆளுக்கொரு மிக்ஸி என்று அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து கேடயம் கொடுப்பதாகவும் ஏற்பாடு. பிரஸ் ஷாப்பிலிருந்து கேன்டீன் வரை எல்லோர் வாயிலும் அந்த எண்தான். டீ குடிக்கிற இடத்தில், "சிஸ்டர், இன்னும் ரெண்டு வாரந்தான், யாரையும் கையக் காலை ஒடச்சிக்க வுட்றாதீங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கும் மிக்ஸி ஆசை இருந்தது. நம் வீட்டுப் பழைய மிக்ஸி அப்போது புகைந்துகொண்டிருந்தது.

பிரஸ் ஷாப்பில் தகட்டை அமுக்கி வடிவம் எடுக்கிற மிஷின்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் எதுவும் நசுங்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் வேலை மெதுவாகும். அதனால் ஒரு பொத்தானில் சின்ன மரக்கட்டையைச் செருகி அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வைத்துவிட்டு, ஒரு கையால் அமுக்கி இன்னொரு கையால் பீஸை எடுப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், விரல் நுனியில் கீறலோடு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்து எனக்கும் தெரியும். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று கட்டைகளெல்லாம் ஒரு டப்பாவுக்குள் போய்விடும். மாதக் கூட்டத்தில் ஒருமுறை நான் கீறல் கேஸ்களைப் படித்தேன். மேனேஜர், "இதுல பாதி ஊட்டுல வெங்காயம் நறுக்குனதா இருக்கும் சிஸ்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதேசன் மத்தூர்க்காரர். கான்ட்ராக்ட் ஆள், நாற்பது வயது இருக்கும். தினமும் பஸ் மாறி வருவார். அடி படுவதற்கு இரண்டு வாரம் முன்பு கட்டைவிரலில் நகம் பெயர்ந்து என்னிடம் வந்தார். மருந்து போடும்போது, "இந்தக் கட்டைய எடுத்துட்டா டார்கெட் முடியாது சிஸ்டர், டார்கெட் முடியலன்னா நாளைக்கி என்ன நிறுத்திருவாங்க" என்று அவராகவே சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

முதல் ஷிஃப்ட், காலை பத்து பத்தரை இருக்கும். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயிருந்தது. நான் கட்டுப் போட்டு, ரத்தத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வந்து கதவைச் சாத்தினார். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலையில் நடந்த விபத்து என்று பதிவாகும், தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், கட்டை விஷயம் வெளியே வரும். அவர் இதையெல்லாம் விளக்கவில்லை, விளக்க வேண்டியதும் இல்லை. "கர்நாடகா எல்லை தாண்டிட்டா நம்ம ஊர் கணக்குல வராது சிஸ்டர். கார் நிக்குது. நீங்களே கூடப் போங்க. உங்களுக்குக் கன்னடமும் தெரியும்" என்றார். நான் ஒரு நர்ஸ், கண்ணு. பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், கை நசுங்கிய மனிதரைக் காரில் ஏற்றி, நெடுஞ்சாலை நெரிசலில் அத்திப்பள்ளி தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். விரல்களை எப்படியும் சேர்த்திருக்க முடியாது என்றுதான் அங்கே டாக்டர் சொன்னார். இருந்தாலும் சோதனைச்சாவடி அருகே லாரிகளுக்குப் பின்னால் நாங்கள் நின்றிருந்த நேரமெல்லாம் அவர் என் புடவைத் தலைப்பை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். "கப்பின மிஷின்ல கை சிக்காக்கொண்டிதே" என்றேன். கரும்பு பிழிகிற மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். கன்னடத்தில் சொன்னதாலோ என்னவோ, வேறு யாரோ சொல்வதைப் போல இருந்தது. மாதேசனுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்த வலியிலும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் டாக்டரிடம் ரத்த வகையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பினேன். அவர் காலையில் வேலைக்கு வந்தது வாசல் பதிவில் இருந்தது, கார் வெளியே போனதும் இருந்தது. பதிவேட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும். நான் எழுதினேன். மாதேசன், பிரஸ் ஷாப், தலைவலி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுநாள் காலை போர்டில் எண் ஒன்று கூடியிருந்தது.

பத்து நாள் அவர் அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் கிடந்தார். தினமும் மதியத்துக்கு மேல் நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. காயத்தில் கிருமி சேரும், ஃபோன் தொடக் கூடாது என்று சொல்லி அவருடைய ஃபோனை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டது நான்தான். "ஊட்ல சொல்லிட்டீங்களா சிஸ்டர், மஞ்சுளா தேடுவா" என்று தினமும் கேட்பார். "சொல்லியாச்சு, வருத்தப்பட வேணாம்னு சொல்லியிருக்கு" என்பேன். உண்மையில் அவர் மனைவி மஞ்சுளா இரண்டாம் நாளே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டாள். செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டுவிட்டார். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மேனேஜர் சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே சொன்னேன். புனேயில் நம்முடைய இன்னொரு ஃபேக்டரிக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அங்கே ஃபோன் அனுமதி இல்லை. "துணி கூட எடுத்துக்கலையே சிஸ்டர்" என்றாள். "எல்லாம் கம்பெனியே குடுப்பாங்கம்மா" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா.

பத்து நாள் கழித்து மூன்று விரல் இல்லாத கையோடு அவர் வீட்டுக்குப் போனார். வெளியில் கரும்பு மிஷினில் மாட்டியது என்று எழுதின காகிதத்தில் இடது கை ரேகை வைத்திருந்தார். அப்படிச் செய்தால் வாசலில் செக்யூரிட்டி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் அதையே சொல்ல வேண்டும் என்று கட்டளை. நான் சொன்ன புனே அவருக்குத் தெரியாது, அவர் சொன்ன கரும்பு மிஷின் மஞ்சுளாவுக்குப் புரியவில்லை. புனேக்குப் போனவன் எந்த ஊர்க் கரும்பு மிஷினில் கையைக் கொடுத்தான். அவள் கேட்கக் கேட்க அவர் விழித்திருக்கிறார். எங்கேயோ ஒருத்தியோடு இருந்திருக்கிறான், குடித்துவிட்டு விழுந்து கையைக் கெடுத்துக்கொண்டு வந்து கதை விடுகிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அவள் இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். ராயக்கோட்டையில் இருக்கிற தன் தாய்வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாலு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனியும் அவரை வாசலில் இருந்து அனுப்பிவிட்டது. அதற்குள் ஆயிரம் நாள் விழா முடிந்து மிக்ஸியும் கொடுத்தாகிவிட்டது. அந்த மிக்ஸியில்தான் உனக்கு இத்தனை வருஷம் தேங்காய்ச் சட்னி அரைத்தேன்.

பிறகு ஒருநாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்ற மனிதர். நீ உள்ளே படித்துக்கொண்டிருந்தாய். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கேஸ் போடறதுக்கெல்லாம் வரல சிஸ்டர். நீங்க என் ஊட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். அந்தப் பத்து நாளும் நான் எங்க இருந்தேன்னு. நான் சொல்லி நம்பல, நீங்க சொன்னா நம்புவா." நான், "எனக்கு எதுவும் தெரியாதுங்க. நீங்க கம்பெனில கேளுங்க" என்றேன். எதிரில் நிற்கிறவர் பத்து நாள் என் கையால் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர். அதற்குள் நீ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாய். இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இரும்மா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "ஏம்மா அவரு அழுதுகிட்டே போறாரு?" என்று கேட்டாய். ஊசி போட வந்தவர், கையில் வலி என்று சொன்னேன். நீ உடனே நம்பினாய்.

அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் உனக்கு அந்தக் கப்பல் பைத்தியம் முற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, நாலு டம்ளரை ஒரு பக்கமும் மூன்று டம்ளரை ஒரு பக்கமும் வைத்தாய். மிட்வே என்றாய், இரண்டாம் உலகப் போரில் நடந்த கடற்சண்டை. பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு, அதைப் பிடிக்க ஜப்பான்காரன் நாலு விமானந்தாங்கிக் கப்பலோடு வருகிறான், அமெரிக்காக்காரனிடம் மூன்றுதான் இருக்கிறது, அதிலும் ஒன்று ஏற்கெனவே அடிபட்டது, மூன்று மாதம் பிடிக்கும் என்ற ரிப்பேரை மூன்றே நாளில் முடித்துக் கிளப்பிவிட்டார்கள். ஜப்பான் டம்ளர்களுக்கு அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்று பெயர் சொன்னாய். காகா என்றதும் நான் சிரித்தேன், நீ முறைத்தாய். போருக்கு முன்னால் ஜப்பானில் மேஜை மேல் ஒத்திகை பார்த்தார்கள் என்றும், அதில் அவர்கள் கப்பல் இரண்டு மூழ்கியதாகப் பகடையில் விழுந்ததை, நடுவராக இருந்த அதிகாரி ஒத்துக்கொள்ளாமல் குறைத்துவிட்டார் என்றும் சொன்னாய். கம்பெனிக் கூட்டத்தில் வெங்காயம் நறுக்கின கதை எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் ரசித்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காலைல பத்து இருவது வரைக்கும் ஜப்பான்தான்மா ஜெயிச்சுக்கிட்டு இருந்தான்" என்றாய். விமானங்களுக்கு ஒரு வகைக் குண்டை மாட்டு, இல்லை கழற்று, வேறு வகையை மாட்டு என்று மாறி மாறி உத்தரவு. கழற்றின குண்டுகளைக் கிடங்கில் கொண்டுபோய் வைக்க நேரமில்லாமல் அங்கேயே ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்ரோல் குழாய்கள் தரையில் கிடந்தன. அந்த நேரம் பார்த்து மேலிருந்து விழுந்த சில குண்டுகளில் மூன்று கப்பலும் ஐந்து பத்து நிமிஷத்தில் பற்றிக்கொண்டன. நீ மூன்று டம்ளரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாய். நாலாவது பதிலடி கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே அடி வாங்கியது. அந்த ரிப்பேர் செய்த அமெரிக்கக் கப்பலும் இரண்டொரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, காவலுக்கு நின்ற சின்னப் போர்க்கப்பலோடு சேர்ந்து மூழ்கியது. ஆயிரக்கணக்கான ஆட்கள் போனார்கள் என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. நீ நல்ல பிள்ளை, டம்ளர்தானே என்று உன்னால் இருக்க முடியாது.

அதன்பிறகு நீ சொன்னதுதான் என்னால் கேட்க முடியாதது. ஜப்பானில் ஜெயித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள், ஒரே ஒரு கப்பல்தான் போனது என்றார்கள். கடலுக்கடியில் கிடக்கிற கப்பல்களின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்காமல் வைத்திருந்தார்கள். "அப்ப பொழச்சி வந்தவங்க சொல்ல மாட்டாங்களா?" என்று நான்தான் கேட்டேன். "அதுக்குத்தாம்மா, காயம்பட்டவங்கள ஆஸ்பத்திரில தனியா ஒரு வார்டுல பூட்டி வச்சிட்டாங்க. ஊட்டுக்கு லெட்டர் போடக் கூடாது, பொண்டாட்டி புள்ளையப் பாக்கக் கூடாது. டாக்டரும் நர்சும் தவிர யாரும் உள்ள போக முடியாது" என்றாய். நர்ஸ் என்ற வார்த்தையைச் சொன்னபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், சும்மா, என் வேலையும் அதுதானே என்று. நான் எழுந்து, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி நகர்ந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கப்பல் கதை சலித்துவிட்டது என்று நீ டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எனக்கு எந்தப் போரையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குச் சலிக்கவில்லை கண்ணு. அந்த வார்டுக்குள் இருந்த நர்ஸை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது. அவள் ராத்திரி வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்பாள், நல்லபடியாகத் தூங்கியிருப்பாள். நானும் தூங்கினேனே.

ஏழு வருஷத்தில் எனக்கு இரண்டு முறை சம்பளம் உயர்ந்தது, ஒரு முறை மேடையில் சால்வை போட்டார்கள். மாதேசன் பற்றிக் காதில் விழும். மஞ்சுளா பிள்ளைகளின் படிப்புக்காகத் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இல்லை, அவர் மத்தூர்ச் சந்தையில் ஒற்றைக் கையால் மூட்டை தள்ளுகிறார் என்றார்கள். போய்ச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். நீ பிளஸ் டூ முடிக்கட்டும், காலேஜ் சேரட்டும், இந்த இன்டர்வியூ முடியட்டும் என்று உன்னைச் சாக்காக வைத்துத் தள்ளினேன். உன் பெயரில் என் பயத்தை ஒளித்து வைத்ததும் நான் செய்த தப்பில் சேர்த்திதான்.

கடைசியில் நல்ல புத்தி வந்து போனேன் என்று நினைத்துவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நீ பேசியது தாங்க முடியாமல் போனேன். நாளைக்குக் கப்பலில் உன் கையில் ஒரு பதிவேடு கொடுப்பார்கள், ஏதோ ஒன்று தப்பாகும், மேலே இருக்கிறவர் கதவைச் சாத்திவிட்டு வந்து நிற்பார். அப்போது நீ அம்மாவை நினைத்துக்கொள்வாய். எந்த அம்மாவை? நீ ரயில் ஏறின மறுநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எங்கிட்டக் கூடச் சொல்லலியே" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு, ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். கம்பெனிக்கும் ஒன்று கொடுத்தேன். வேலை இருக்காது என்று நினைக்கிறேன். என் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது, வர வேண்டியதுதான். ஒரு நகலை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

மஞ்சுளா வாசலில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. "புனே சிஸ்டர்தான?" என்றாள். ஏழு வருஷமாக அவள் மனதில் எனக்கு அதுதான் பெயர். நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். புனே பொய், கரும்பு மிஷின் பொய், ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டது நான், அந்த மனிதர் எங்கேயும் போகவில்லை, யாரோடும் இல்லை. அவள் கை தக்காளியைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"பத்து நாளும் எங்க படுத்திருந்தாரு?"

"அத்திப்பள்ளி தாண்டி, ஒரு பின்பக்க ரூம்ல."

"கூட யாரு இருந்தது?"

"யாரும் இல்ல. மத்தியானத்துக்கு மேல நான் போவேன்."

"என்னக் கேட்டாரா?"

"தெனமும் கேட்டாரு. மஞ்சுளா தேடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அவள் கையிலிருந்த தக்காளியைக் கூடையில் வைத்தாள். "கை போனதுக்குக்கூட நான் ஒரு நாளு அழுவல சிஸ்டர்" என்றாள். "நல்லா வேணும்னு நெனச்சேன். ஊருக்குள்ள எல்லாருகிட்டயும் சொன்னேன். ஏழு வருசமா அந்த மனுசன நான் சோத்துக்குக்கூடக் கூப்புட்டதில்ல. பசங்கள விட்டுத்தான் கூப்புடுவேன். கம்பெனிக்காரன் வெரல எடுத்தான். நீங்க இத எடுத்தீங்க." நான் கைகூப்பினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதை வாயில் எடுக்க முடியவில்லை. நகலை மட்டும் அவள் பக்கத்தில் வைத்தேன்.

தெருமுனையில் மாதேசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு மரியாதையாக, "வாங்க சிஸ்டர், எப்ப வந்தீங்க" என்றார். என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சாக்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மஞ்சுளா எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. வாசல்படிக்கு வந்து நின்று, "ஏங்க, சாப்புட வாங்க" என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று மாதேசன் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன் கண்ணு. அங்கே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. இனிமேல் என்னைப் பற்றி நீ யாரிடமாவது பேசினால், பிளாஸ்டரைக்கூட எழுதி வைக்கிறவள் என்று சொல்வதானால், மூன்று விரலைத் தலைவலி என்று எழுதினவள் என்பதையும் சேர்த்துச் சொல்லு.

அம்மா